தீர்ப்போடு வரும் தலைப்புகள்

மாதம் ஒரு தலைப்புக் கொடுத்து ஓவியம் வரையும் நண்பர் வட்டங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. சமூக மன்றத்து அறையொன்றிலோ, பள்ளி முடிந்தபின் ஓவிய வகுப்பிலோ, ஒருவர் வீட்டு முன்கூடத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகின்றனர். முந்திய கூட்டத்தில் அறிவித்த தலைப்புக்குத் தாம் வரைந்து வந்த படங்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைக்கின்றனர். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கின்றனர், பாராட்டுகின்றனர், தேநீர் அருந்துகின்றனர், அடுத்த மாதத் தலைப்பைக் குறித்துக்கொண்டு கலைகின்றனர். பெற்றோரும் பிள்ளைகளும் ஆசிரியரும் மாணவரும் ஒரே பாயில் அமர்ந்து வண்ணம் குழைக்கும் இக்காட்சி கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை.

இவ்வட்டங்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உள்ளன. ஏளனம் செய்வோர் ஒரு கட்சி. ‘உள்ளத்தில் தானாகச் சுரப்பதே கலை, மாதா மாதம் தலைப்புக் கொடுத்துச் சுரக்க வைப்பது மாட்டுத் தொழுவத்து வேலை’ என்பது அவர்தம் வாதம். மகிழ்ந்திருப்போர் மற்றொரு கட்சி. ‘அன்போடு கூடுகிறோம், ஆசையோடு வரைகிறோம், யாருக்கும் தீங்கில்லை, இதில் ஆராய்ச்சி எதற்கு?’ என்பது இவர்தம் விடை. முதற்கட்சியின் வாதம் பிழையானது. இரண்டாங் கட்சியின் விடையோ பிழையினும் கொடியது. ஏனெனில் அது நம் பிள்ளைகளின் தமிழைத் தொடுகிறது. இரண்டையும் இங்கே எதிர்க்க விழைகிறேன்.

ஏளனக்காரரை முதலில் நோக்குவோம். தலைப்புக்குப் படைப்பது கலையாகாது எனில், ஐங்குறுநூற்றை நாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் நூறு நூறாகப் பாடினர். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அப்பத்துகளின் பெயர்களைச் சற்றே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: எருமைப் பத்து, கள்வன் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து, வெள்ளாங்குருகுப் பத்து, கேழற் பத்து, குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து. கள்வன் என்றது திருடனை அன்று, நண்டினை. ஒரே நண்டு பத்துப் பாட்டிலும் வருகிறது. ஓரிடத்தில் ஆம்பலை அறுக்கிறது. ஓரிடத்தில் வயலைக் கொடியை அறுக்கிறது. ஓரிடத்தில் உழவர் விதைத்த வெண்முளையை அறுக்கிறது. நண்டு மாறவில்லை, அதனருகே நின்று பேசும் மனிதரின் துயரமும் ஐயமும் ஊடலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வளையை விட்டு வெளிவந்த ஒரு சிற்றுயிரைப் பத்து முறை பார்க்கச் சொன்னதால் ஓரம்போகியாரின் கவித்துவம் வற்றிவிட்டதா?

ஓவியர்களிடத்தும் இவ்வழக்கம் புதியதன்று. 1799ஆம் ஆண்டில் இலண்டனில் தாமஸ் கர்ட்டின் முதலான இளம் ஓவியர்கள் இரவு வேளைகளில் ஒருவர் வீட்டில் ஒருவராகக் கூடினர். கவிதையிலிருந்து ஒரு பகுதியைத் தலைப்பாகக் கொண்டு அனைவரும் அங்கேயே வரைவர். தாளும் வண்ணமும் வீட்டுக்காரர் பொறுப்பு. வரைந்த படங்கள் அனைத்தும் அவருக்கே சொந்தம். 1808ஆம் ஆண்டில் சாலன் உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் நண்பரும் தொடங்கிய மற்றொரு வட்டம் இதே முறையில் 1851 வரை நடந்தது. அன்றைய தலைவர் தலைப்பைச் சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாது. சொன்னபின் சில மணி நேரமே அவகாசம். வயிறு நிறைந்தால் கை மந்தமாகும் என்று எண்ணினரோ என்னவோ, உணவையும் எளிமையாகவே வைத்துக்கொண்டனர். (நம் வட்டங்களில் வடைக்கும் பஜ்ஜிக்கும் செலவாகும் நேரத்தைக் கணக்கிட்டால் பாதிப் படம் வரைந்துவிடலாம், அது நிற்க.) நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு நட்பு வட்டம் தலைப்பு வைத்து வரைந்திருக்கிறது எனில், அதில் பயனேதும் இல்லாமற் போயிருக்குமா?

அவ்வளவு தொலைவும் போக வேண்டா. நம் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1952இல் லியூ காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் என்னும் நான்கு ஓவிய நண்பர்கள் பாலித் தீவுக்கு ஒன்றாகச் சென்றனர். அங்குக் கண்டவற்றை வரைந்து 1953இல் இங்கே கண்காட்சி வைத்தனர். நால்வருக்கும் பொருள் ஒன்றே: பாலியின் பெண்கள், கோயில்கள், சந்தை, நடனம். ஆனால் ஒருவர் தடித்த கோடுகளால் உருவங்களை வளைத்துக் கட்டினார். ஒருவர் உடலை நீட்டி மெலிவித்தார். ஒருவர் சீன மைத்தூரிகையின் மரபைக் கைவிடாமலே வெப்பமண்டல மண்ணைத் தாளில் இறக்கினார். ஒருவர் வடிவங்களைக் கோணங்களாக உடைக்கத் தலைப்பட்டார். நம் நாட்டு ஓவிய வரலாறு அப்பயணத்தை விட்டு எழுதப்படுவதில்லை. பொருள் ஒன்றாய் இருந்ததால் நால்வரும் ஒருவரானார்களா? பொருள் ஒன்றாய் இருந்ததனாலன்றோ நால்வரின் வேற்றுமையும் நமக்கு விளங்கிற்று!

ஏளனக்காரருக்கு இவ்வளவு போதும். அவர்கள் பெரும்பாலும் வரைவதில்லை. வரைவோரைப் பற்றிப் பேசுவதே அவர்தம் கலை.

இனி நம் மகிழ்ச்சிக் கட்சியாரிடம் வருவோம். தலைப்பு வைப்பதில் குற்றமில்லை. எத்தகைய தலைப்பை வைக்கிறோம் என்பதிலேதான் வழக்கு. நம் வட்டங்கள் பலவற்றின் ஆண்டு நிரலைப் புரட்டுங்கள். தை பிறந்தால் ‘பொங்கலின் சிறப்பு’. ஏப்ரல் வந்தால் ‘தமிழின் இனிமை’. மே மாதத்தில் ‘அன்னையின் தியாகம்’. ஆகஸ்டில் ‘ஒற்றுமையே உயர்வு’. செப்டம்பரில் ‘ஏணியாய் நிற்கும் ஆசிரியர்’. தீபாவளிக்கு ‘இருள் நீங்கி ஒளி பெறுவோம்’. ஆண்டிறுதியில் ‘பாரதி கண்ட புதுமைப்பெண்’. பின்னர் மறுபடியும் தை. மறுபடியும் ‘பொங்கலின் சிறப்பு’. நாட்காட்டித் தாளைக் கிழிப்பது போலத் தலைப்பைக் கிழித்துக் கொடுக்கிறோம்.

இத்தலைப்புகளில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு இது: இவற்றுள் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. பொங்கல் சிறந்தது, தமிழ் இனியது, அன்னை தியாகி, ஆசிரியர் ஏணி. வழக்கை விசாரிக்குமுன் தீர்ப்பைப் படித்துவிட்டபின் சாட்சிக்கு அங்கே என்ன வேலை? ஓவியன் என்பவன் சாட்சி. கண்டதைச் சொல்ல வந்தவன். ‘நீ கண்டது என்ன?’ என்று கேளாமல், ‘நாங்கள் சொல்வதற்குக் கையெழுத்திடு’ என்று தாளை நீட்டுகிறோம். அவனும் இடுகிறான். கைதட்டுகிறோம்.

பொங்கலையே எடுத்துக்கொள்வோம். ‘பொங்கலின் சிறப்பு’ என்ற தலைப்புக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை என்ன வரையும் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். இரண்டு மலைகள், அவற்றிடையே கதிர்விடும் ஞாயிறு, ஒரு கூரை வீடு, வாசலில் மூன்று செங்கல் மேல் பானை, பானையிலிருந்து வழியும் வெண்ணுரை, இருபுறமும் கரும்பு, மூலையில் ஒரு மாட்டு வண்டி. அப்பிள்ளை குடியிருப்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாவது தளம். அது வாழ்நாளில் கூரை வீட்டினுள் நுழைந்ததில்லை. மாட்டு வண்டியில் ஏறியதில்லை. மலைகளின் இடையே ஞாயிறு எழ அத்தீவில் அவ்வாறு இரு மலைகளே இல்லை. ஆயினும் அந்தப் படத்தை நாம் ‘மரபு மாறாத படம்’ என்று புகழ்கிறோம்.

அப்பிள்ளை கண்ட பொங்கல் வேறு. சிராங்கூன் சாலைப் பக்கம் கட்டுக் கட்டாக நின்ற கரும்பை அப்பா தோளில் சாய்த்துக்கொண்டு வர, பெருவிரைவு ரயிலில் இருந்தோர் விலகி வழிவிட்டது ஒரு பொங்கல். மின்தூக்கியின் கதவுக்குள் கரும்பு நிமிர்ந்து நிற்க மறுத்ததால் அதைச் சாய்த்தும் வளைத்தும் தவித்தது ஒரு பொங்கல். எரிவாயு அடுப்பின்மேல் பானை பொங்கும் நேரம் பார்த்து, வழிந்தால் அடுப்பு அணைந்துவிடுமே என்று அம்மா கரண்டியோடு நின்றது ஒரு பொங்கல். பொங்க வேண்டும் என்பதற்காகவே வைத்த பால் பொங்கிவிடக்கூடாதே என்று அஞ்சும் அந்தக் கணத்தில் ஒரு குடியேறிய இனத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது! அண்டை வீட்டு மலாய்ப் பாட்டி கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, ‘போன ஆண்டைவிட இனிப்புக் குறைவு’ என்று சொல்லிச் சிரித்தது ஒரு பொங்கல். இவற்றுள் ஒன்றும் தாளுக்கு வருவதில்லை. வரக்கூடும் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. ‘சிறப்பு’ என்ற சொல் வாசலில் காவல் நின்று இவற்றையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறது.

கடற்பாலத்துக்கு அப்பாலும் இதே கதைதான். தோட்டப்புறத்து வாழ்க்கையை வரையச் சொல்லும்போது ‘பாட்டாளியின் வியர்வை’ என்று தலைப்பிடுகிறோம். வருவதெல்லாம் வளைந்த முதுகும், நெற்றியில் மூன்று துளியும், பின்னே சிவந்த வானமும். மாறாக ‘மங்கு’ என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். மரத்தில் கட்டிய அந்தச் சிறு கிண்ணத்தைத் தாத்தாவிடம் கேட்டறிய வேண்டும். அது எந்த உயரத்தில் இருந்தது, மழை பெய்தால் பால் என்னவாகும், மறுநாள் ஒட்டுப்பாலை எப்படி இழுத்தெடுப்பார்கள், விடியுமுன் பிரட்டுக்கு நின்றவர்கள் கையில் என்ன விளக்கு இருந்தது என்று கேள்விகள் வரிசையாக வரும். வியர்வையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மங்கை உற்றுப் பார்த்தால் அதுவே வந்து சேரும்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். ‘வள்ளுவர் அன்புடைமை, பொறையுடைமை, செய்ந்நன்றியறிதல் என்று பண்புகளையே தலைப்பாக வைத்துப் பத்துப் பத்தாகப் பாடவில்லையா? அவரும் தீர்ப்போடுதானே தொடங்கினார்?’ என்று தமிழாசிரியர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் வள்ளுவர் அத்தலைப்புகளுக்குள் நுழைந்து செய்தது என்ன என்று காண்க. வலியறிதல் பற்றிச் சொல்ல வந்தவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் காட்டினார். காலம் அறிதலுக்குக் கொக்கும், பகலில் கூகையை வெல்லும் காக்கையும் வந்தன. இடன் அறிதலுக்கு நீரை விட்டு வெளிவந்த முதலை வந்தது. பண்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் பொருளின் பக்கம் ஓடிவந்தவர் அவர். நாமோ பண்பின் பெயரைச் சொல்லிவிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம். ஐங்குறுநூற்றிலும் வேட்கைப் பத்து, புலவிப் பத்து என்று உணர்ச்சியின் பெயரால் அமைந்தவை உண்டு. ஆயினும் வேட்கை நன்று என்றோ, புலவி தீது என்றோ அத்தலைப்புகள் சொல்லவில்லை. ஆகவே என் வழக்கு அருவச் சொற்களின்மேல் அன்று. முடிவு கட்டிய சொற்களின்மேல்தான்.

‘சிறுவர்க்கு எளிய தலைப்புத்தானே கொடுக்க வேண்டும்?’ என்பது மற்றொரு மறுப்பு. தியாகமும் ஒற்றுமையும் எளியவை என்று யார் சொன்னது? முதியோரே தடுமாறும் சொற்கள் அவை. கோலாலம்பூரில் 1952இல் பீட்டர் ஹாரிஸ் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழுவை எண்ணிப் பாருங்கள். வாரத்தின் நாளையே பெயராகக் கொண்ட எளிய நட்புக் குழு அது. பாத்திக் கலையில் பெயர் பெற்ற கிரேஸ் செல்வநாயகம் அதில் இருந்தார். பேட்ரிக் இங் இருந்தார். மாணவப் பருவத்திலேயே அங்கு வந்து சேர்ந்தவர் சுல்கிஃப்லி புயோங். அவர் 1960களில் வண்ணக்கட்டியால் வரைந்தவை எவை? கொசுவலை, காகிதக் கப்பல், வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் விளையாடும் பிள்ளைகள். ‘குழந்தைச் செல்வம்’ என்றோ ‘இளமையின் இன்பம்’ என்றோ அவற்றுக்குப் பெயரில்லை. கொசுவலை என்றே பெயர். இன்றும் அவை மலேசிய ஓவியத்தின் நல்ல படங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

தமிழாசிரியர்கள் ஒருமுறையேனும் தம் மாணவர்களை அழைத்துச் சென்று காட்ட வேண்டிய ஓவியம் ஒன்று சிங்கப்பூர்த் தேசிய கலைக்கூடத்தில் உள்ளது. பூமத்திய ரேகை ஓவியச் சங்கத்தைச் சேர்ந்த சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ அது. அவ்வாண்டுதான் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. மலாய் தேசிய மொழியாக நின்றது. அக்காலத்து எழுச்சிக்கு ‘மொழியால் இணைவோம்’ என்று தலைப்பிட்டு, கைகோத்த நால்வரையும் ஒரு கொடியையும் வரைந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வரைந்தது ஒரு மேசை. அதைச் சுற்றி வெவ்வேறு வயதினர், கையில் புத்தகத்தோடு. ஓர் ஆசிரியர். பின்னே கரும்பலகை. அப்பலகையில் மலாய் மொழியில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? மொழி கற்கத் தொடங்குவோர் எவர்க்கும் முதல் நாளில் சொல்லித் தரும் கேள்விகளே அவை. ஆனால் அந்த ஆண்டில், அந்த மேசையைச் சுற்றி, அக்கேள்விகளுக்கு விடை சொல்வது எளிதாக இருந்திருக்குமா? நீ யார், உன் ஊர் எது என்று ஒரு நாடே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. தீர்ப்பு எதுவும் அப்படத்தில் இல்லை. ஆறு பத்து ஆண்டுகள் கடந்தும் மக்கள் அதன்முன் நின்று பார்க்கின்றனர்.

இதில் தமிழுக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று கேட்பவர்க்கு விடை சொல்லியாக வேண்டும். நம் மாணவர்க்குப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம். மற்றப் பாடங்கள் யாவும் ஆங்கிலத்தில். தேர்வு அச்சமின்றித் தமிழில் பேசிக்கொண்டே ஒரு வேலையைச் செய்வதற்கு இத்தகைய வட்டங்களைப் போன்ற இடங்கள் மிகச் சிலவே. அங்கும் அவனுக்கு மாட்டு வண்டியையும் கூரை வீட்டையுமே கொடுத்தால் அவன் என்ன கற்றுக்கொள்கிறான்? தமிழ் என்பது தான் காணாத உலகத்தின் மொழி என்று கற்கிறான். மின்தூக்கியும் ரயிலும் கீழ்த்தளத்துப் பந்தாட்டமும் தன் உண்மையான துக்கமும் ஆங்கிலத்துக்கு உரியவை, தமிழோ விழாவுக்கு உடுத்தும் பட்டுச் சட்டை என்று கற்கிறான். விழா முடிந்ததும் சட்டையை மடித்து வைத்துவிடுகிறான். பின்னர் நாம், ‘இளையர் தமிழ் பேசுவதில்லை’ என்று மேடையேறி வருந்துகிறோம்.

நிறங்களின் பெயரையே கேட்டுப் பாருங்கள். ஓவிய வட்டத்துக்கு ஓராண்டாக வரும் மாணவனுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் தவிர வேறு தமிழ்ப் பெயர் தெரிவதில்லை. அரக்கு, குங்குமச் சிவப்பு, செம்மஞ்சள், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, மாந்தளிர், வெங்காய நிறம், சாம்பல், பழுப்பு என்று சேலைக் கடைப் பணியாளர் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்வார். நம் வட்டங்களில் ஒரு மாதத்துக்கு ‘மாந்தளிர்’ என்று மட்டும் தலைப்பிட்டால் என்ன? அந்த நிறத்தைக் கண்டுபிடிக்கவே நான்கு வாரம் ஆகும். மரத்தடியில் நிற்க வேண்டும். பாட்டியின் பெட்டியைத் திறக்க வேண்டும். சிவப்பில் பழுப்பைக் கலந்து, மிகுந்துபோய், மறுபடி கலக்க வேண்டும்.

நட்பைப் பற்றியும் ஒரு சொல். இவ்வட்டங்களில் படத்தைப் பார்த்து ‘மிக அருமை’ என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொல்வதில்லை. குறை சொன்னால் நட்புக் கெடும் என்று அஞ்சுகின்றனர். நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்கு மட்டுமன்று, வழி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்கும் என்பதை நட்பு அதிகாரத்திலேயே படித்துத் தேர்வெழுதியவர்கள்தாம் இவர்கள். 1950களில் கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றிய காலத்தில் நடத்திய இலக்கிய வட்டத்தில் எழுத்தாளர்களின் கதைகளை நேருக்கு நேர் அலசினர். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியைப் பேசுவோர் அவ்வட்டத்தை இன்றும் நினைவுகூர்கின்றனர். பிள்ளைகளின் படத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. ‘இந்தக் கை ஏன் இப்படி மடங்கியிருக்கிறது? இவ்விடத்தை நீ பார்த்தாயா, நினைத்துப் போட்டாயா?’ என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பார்த்து வரைந்த பிள்ளை மகிழ்ந்து விடை சொல்லும். நினைத்துப் போட்ட பிள்ளை அடுத்த மாதம் பார்த்துவிட்டு வரும்.

பரிசளிப்போரின் விருப்பம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, நிகழ்ச்சிக்கு வரும் சிறப்பு விருந்தினரின் மனநிறைவு என்று பல காரணங்களைச் சொல்லி நிரலை மாற்ற இயலாது என்பர். இயலும். விருந்தினர்க்கு வேண்டியது ஒரு மாலையும் ஒரு நாற்காலியுமே. தலைப்பை அவர் கேட்டதாக நான் அறியேன்.

வரும் தை மாதத்துக்கு ‘அடுப்பு’ என்று அறிவியுங்கள். ஆகஸ்டுக்கு ‘வரிசை’ என்று வையுங்கள். உணவங்காடியிலும் மருந்தகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் எல்லா இனத்தாரும் ஒருவர் பின் ஒருவராய் நிற்பதைப் பிள்ளைகள் தாமே கண்டு வருவர். அன்னையர் மாதத்துக்கு ‘அம்மாவின் கைப்பை’ போதும். அதனுள் மருந்துச் சீட்டு இருக்கும், பேருந்து அட்டை இருக்கும், மகன் மென்று மடித்துக் கொடுத்த மிட்டாய்க் காகிதம் இருக்கும். ஆசிரியர் மாதத்துக்கு ‘சிவப்பு மை’ என்று கொடுக்கத் துணிவுள்ள ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பார்ப்போம். தலைப்பை முன்கூட்டிச் சொல்லாமல், அந்த இலண்டன் நண்பர்களைப் போலக் கூட்டத்தில் சொல்லி அங்கேயே வரையச் செய்யும் மாதம் ஒன்றும் இருக்கட்டும். வீட்டில் மாமாவும் அக்காவும் போட்டுக் கொடுக்கும் படங்கள் அன்றொரு நாளேனும் வாரா. படங்களை முடிவில் அன்றைய தலைப்பைச் சொன்னவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு அடுப்புகள் தொங்கட்டும்.